விருந்தினரும் வீட்டாரும்: கார்னெல் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு, லத்தீனோ மாணவர் அமைப்புகளின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அலுவலக ஏடுகளில் பன்னாட்டு மாணவர் சங்கங்களும் லத்தீனோ மாணவர் சங்கங்களும் ‘பன்முகப் பண்பாடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து இடம்பெறுவது வழக்கம். உணவு விழா, நடன நிகழ்ச்சி, கொடி அணிவகுப்பு என்று வெளியே தெரியும் செயல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இவ்விரண்டும் வேறு வேறு தேவையிலிருந்து பிறந்தவை. கடல் கடந்து படிக்க வந்தவர்கள் தங்களுக்குள் துணை தேடியதால் பன்னாட்டுச் சங்கம் உருவானது. அந்நாட்டின் குடிமக்களாகப் பிறந்தும் அயலாராக நடத்தப்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தங்களுக்குரிய பங்கைக் கேட்டதால் லத்தீனோ சங்கம் உருவானது. முன்னது விருந்தினரின் அமைப்பு; பின்னது வீட்டாரின் அமைப்பு.

நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிக்க முடியும். லத்தீன் அமெரிக்க மாணவர்களின் மிகப் பழைய சங்கங்களில் ஒன்று 1890இல் அங்கே தோன்றியது. பன்னாட்டு மாணவர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒன்று 1904இல் அங்கே தோன்றியது. ‘ஐவி லீக்’ என்னும் பழம்பெரும் பல்கலைக்கழகக் குழுவில் லத்தீனோ மாணவர்களுக்கான முதல் சகோதரச் சங்கம் 1982இல் தோன்றியதும் அங்கேதான். நூறாண்டுக்கும் மேலான இந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் என்று பல்கலைக்கழகம் சொன்னது ஒரு வாக்குறுதி மட்டுமே. உள்ளே வந்தவர்கள் சங்கமாகத் திரண்ட பிறகே அந்த வாக்குறுதிக்கு உயிர் வந்தது.

நிறுவனரின் வாக்குறுதி

தந்தித் தொழிலில் செல்வம் சேர்த்த எஸ்ரா கார்னெலும் கல்வியாளர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் 1865இல் இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள்; 1868 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. யார் வந்தாலும் எந்தப் பாடத்தையும் கற்க முடிய வேண்டும் என்பது எஸ்ரா கார்னெலின் விருப்பம். கிரேக்கமும் லத்தீனும் இறையியலும் கோலோச்சிய காலத்தில் இது துணிச்சலான அறிவிப்பு. 1862ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டத்தால் கிடைத்த நிதி, வேளாண்மையையும் பொறியியலையும் பாடத்திட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. ரயில் பாதையும் துறைமுகமும் சர்க்கரை ஆலையும் கட்டிக்கொண்டிருந்த தென் அமெரிக்க நாடுகளுக்குத் தேவைப்பட்ட படிப்பு இதுவே.

முதலில் குழுவாக வந்தவர்களில் பிரேசில் மாணவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கார்னெலின் நிலவியல் பேராசிரியர் சார்லஸ் ஃபிரெடரிக் ஹார்ட் 1870, 1871 ஆண்டுகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு அமேசான் பகுதிக்கு ஆய்வுப் பயணம் சென்றவர். பின்னர் பிரேசில் அரசின் நிலவியல் ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, 1878இல் ரியோ டி ஜெனிரோவில் காலமானார். அவருடைய மாணவர் ஆர்வில் டெர்பி பிரேசிலிலேயே தங்கி, அந்நாட்டு நிலவியலின் தந்தையரில் ஒருவரானார். அறிவுப் போக்குவரத்து இருபுறமும் நடந்தது. இதாகாவில் படித்த பிரேசில் மாணவர்கள் 1873இல் ‘அவுரோரா பிரசிலெய்ரா’ என்ற போர்த்துகீசிய இதழைத் தொடங்கி, தங்கள் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றி அதில் விவாதித்தார்கள். பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்த இதழ் தற்காலத்தின் பண்பாட்டுச் சங்கங்களிலிருந்து வேறுபட்டது. தங்களை அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்துகொள்வது அதன் நோக்கம் இல்லை. அதன் வாசகர்கள் தாய்நாட்டில் இருந்தார்கள். படிப்பு முடிந்து திரும்பியதும் என்ன கட்டப்போகிறோம் என்பதே அந்த இளைஞர்களின் பேச்சு. அவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் நாட்டில் 1888 வரை அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. விருந்தினராக வந்த மாணவர் தம் நாட்டின் மேல்தட்டைச் சேர்ந்தவர் என்ற இந்த உண்மையைப் பின்னால் வரும் எல்லாவற்றோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1890 ஜனவரியில் லத்தீன் அமெரிக்க மாணவர்கள் சிலர் கார்னெலில் ‘ஆல்ஃபா ஜீட்டா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ‘ஃபிரட்டர்னிட்டி’ என்னும் சகோதரச் சங்கங்கள் அன்றைய அமெரிக்க மாணவ வாழ்வின் மையம். உறைவிடம், நட்பு, பிற்கால வேலைவாய்ப்பு மூன்றும் அவற்றின் வழியே கிடைத்தன. அவை பெரும்பாலும் வெள்ளை இன, புராட்டஸ்டண்ட் மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தன. வெளியே நின்றவர்கள் அதே வடிவத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தொடக்கத்தைப் பற்றிய செய்திகளைப் பிற்காலச் சங்கங்களே தங்கள் மரபின் பகுதியாகப் பேணிவந்துள்ளன என்பதால், ‘முதல்’ என்ற உரிமைகோரலை அளந்தே ஏற்க வேண்டும். ஆனால் போக்கில் ஐயமில்லை. டிராய் நகரின் ரென்சிலர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1898இல் ‘ஸ்பானிய அமெரிக்க ஒன்றியம்’ எழுந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1904இல் தோன்றிய சங்கம் 1912இல் ‘சிக்மா அயோட்டா’ என்று பெயர் பெற்றது. இத்தகைய சங்கங்கள் படிப்படியாக இணைந்து 1931 டிசம்பரில் ‘ஃபை அயோட்டா ஆல்ஃபா’ உருவானது. லத்தீன் அமெரிக்க விடுதலைத் தலைவர்களான சிமோன் பொலிவாரும் ஹோசே மார்ட்டியும் அதன் வழிகாட்டிகள். லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஒற்றுமை அதன் கனவு.

காஸ்மாபாலிட்டன் கிளப்

1904 நவம்பரில் அர்ஜென்டினா மாணவர் மொதெஸ்தோ கிரோகாவின் முயற்சியால் கார்னெல் காஸ்மாபாலிட்டன் கிளப் தொடங்கியது. ஓராண்டு முன்பு, 1903இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மாணவர் கார்ல் கவகாமி பன்னாட்டு மன்றம் ஒன்றை நிறுவியிருந்தார். 1907 டிசம்பரில் பல பல்கலைக்கழகங்களின் மன்றங்கள் மேடிசன் நகரில் கூடிக் கூட்டமைப்பாயின. விஸ்கான்சினின் லூயி லாக்னரும் கார்னெலின் ஜார்ஜ் நாஸ்மித்தும் அந்த இயக்கத்தின் முன்னணி இளைஞர்கள். இத்தாலியின் டூரின் நகரில் 1898இல் எஃபிசியோ ஜிலியோ-டோஸ் தொடங்கிய ‘கோர்தா ஃபிராத்ரஸ்’ என்ற உலக மாணவர் பேரவையோடு அது பின்னர் இணைந்தது.

நாட்டுக்கு ஒரு சங்கம் என்பதை மாற்றி, எல்லா நாட்டவருக்கும் ஒரு மன்றம் என்று வைத்ததுதான் இந்தக் கிளப்பின் புதுமை. அமெரிக்க மாணவர்களும் அதில் உறுப்பினரானார்கள். ஒவ்வொரு நாட்டு மாணவரும் முறைவைத்து ‘நாட்டு இரவு’ நடத்தினார்கள். தங்கள் வரலாற்றையும் அரசியலையும் பற்றிப் பேசி, பாடி, விருந்தும் படைத்தார்கள். இன்றைய வளாகங்களின் உணவுத் திருவிழாக்களுக்கு மூதாதை இதுவே. அன்று அதன் நடுவில் இருந்தது உரை. உணவு அதற்குத் துணை.

1911இல் இதாகாவின் பிரையன்ட் அவென்யூவில் கிளப்புக்குச் சொந்த இல்லம் எழுந்தது. மாணவர்கள் அங்கேயே தங்கினார்கள், கூடினார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் அனைவரும் மாறிவிடும் அமைப்புக்கு நினைவைக் காப்பது கடினம். வருகிறவரிடம் போகிறவர் எதையும் ஒப்படைக்காமலே போய்விடும் நிலைக்குச் சொந்தக் கூரை ஒரு மருந்து. 1913 ஆகஸ்ட் இறுதியில் உலக மாணவர் பேரவையின் எட்டாவது மாநாடு இதாகாவில் கூடியபோது, மலைமேல் இருக்கும் இந்தச் சிற்றூர் சில நாட்களுக்கு மாணவர் உலகின் தலைநகரானது. ஓராண்டுக்குள் ஐரோப்பாவில் போர் மூண்டது.

ஹூ ஷியும் சீன மாணவர்களும்

சீனத் தொழிலாளர்கள் நுழைவதை அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே சட்டம் மாணவருக்கும் வணிகருக்கும் விலக்களித்தது. உழைப்பவனுக்குக் கதவை அடைத்துவிட்டு, படிக்க வந்தவனைக் கைகுலுக்கி வரவேற்ற காலம் அது. பாக்சர் கிளர்ச்சிக்காகச் சீனா செலுத்திய இழப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை பெற்று 1910இல் கார்னெல் வந்த சீன மாணவர்களில் ஹூ ஷியும் யுவென் ரென் சாவோவும் இருந்தார்கள். வேளாண்மை படிக்க வந்த ஹூ ஷி தத்துவத்துக்கு மாறினார். காஸ்மாபாலிட்டன் கிளப் இல்லத்தில் தங்கி, பின்பு அதன் தலைவருமானார். பிற்காலத்தில் அமெரிக்காவுக்கான சீனத் தூதராகவும் நவீனச் சீனச் சிந்தனையின் முதன்மையான குரல்களில் ஒன்றாகவும் விளங்கினார். கணிதம் படித்த சாவோ பெரும் மொழியியலாளரானார்.

கார்னெலின் சீன மாணவர்கள் அறிவியல் கழகம் ஒன்றைத் திட்டமிட்டு, 1915 ஜனவரியில் ‘கெஷுவே’ என்ற அறிவியல் இதழைச் சீன மொழியில் வெளியிட்டார்கள். பழைய இலக்கிய நடையை விட்டுப் பேச்சு மொழியில் எழுத வேண்டும் என்ற விவாதமும் இந்த நண்பர் வட்டத்தில் வளர்ந்ததே. 1916 கோடையில் இதாகாவை ஒட்டிய கயுகா ஏரியில் படகில் சென்ற அனுபவத்தை நண்பர் ரென் ஹோங்ஜுன் பழைய நடையில் கவிதையாக்க, அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹூ ஷி அதன் செத்த சொற்களைக் கண்டித்து எழுதினார். அந்தக் கடிதப் போர் அவருடைய கருத்தைக் கூர்மையாக்கியது. 1917 ஜனவரியில் ‘புதிய இளைஞர்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை சீன இலக்கியத்தின் போக்கையே மாற்றியது. மாணவர் சங்கங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பறை தராத ஒன்றை அந்த நட்பு வட்டம் தந்தது.

உலக உறவு என்ற கொள்கைக்கு அதே ஆண்டுகளில் சோதனையும் வந்தது. 1915இல் ஜப்பான் சீனாவிடம் 21 கோரிக்கைகளை நீட்டியபோது, அமெரிக்காவிலிருந்த சீன மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். படிப்பைத் தொடர்வதே இப்போது கடமை, நிதானம் இழக்க வேண்டாம் என்று ஹூ ஷி எழுதிய திறந்த மடலுக்காகச் சொந்த நாட்டு மாணவர்களே அவரைத் துரோகி என்று சாடினார்கள். உலகக் குடிமகன் என்ற நிலைப்பாட்டை வலிமையான நாட்டின் மாணவர் எளிதாக எடுக்கலாம். தாக்கப்படும் நாட்டின் மாணவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

அதே வளாகத்தில் நிறக்கோடு

காஸ்மாபாலிட்டன் கிளப் பிறந்து இரண்டே ஆண்டில், 1906 டிசம்பர் 4 அன்று, கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் அதே கார்னெலில் ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’வை நிறுவினார்கள். கறுப்பின மாணவர்களுக்காகப் பல கல்லூரிகளில் பரவிய சகோதரச் சங்கங்களில் அதுவே முதலாவது. முந்தைய ஆண்டு சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பலர் திரும்பி வராமல் போனதே அதற்கு உடனடித் தூண்டுதல். தனிமையும் பணநெருக்கடியும் உறைவிட மறுப்பும் அவர்களை விரட்டின. ஒருவரையொருவர் படிப்பில் தாங்கிப் பிடிப்பது அந்தச் சங்கத்தின் முதல் வேலை.

1911ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பன்னாட்டு மாணவர்களுக்குப் பிரையன்ட் அவென்யூவில் இல்லம் எழுந்த அதே ஆண்டில், கறுப்பின மாணவிகளைப் பெண்கள் விடுதியான சேஜ் கல்லூரியில் தங்க அனுமதிக்கக் கூடாது என்று வெள்ளை மாணவிகள் பெருந்திரளாகக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜேக்கப் கூல்ட் ஷர்மன் அதை நிராகரித்தார். நிராகரித்தது அவருக்குப் பெருமை. ஆனால் பியூனஸ் ஐரிஸிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் வந்தவரை விருந்துக்கு அழைத்த அதே வளாகம், தன் நாட்டுப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூசியது என்ற உண்மை மறையாது.

கிளப்பின் கொள்கைவாக்கியத்திலும் இந்த முரண் உண்டு. தேசங்களுக்கெல்லாம் மேலானது மானுடம் என்ற பொருள்படும் அந்த வாசகத்தைத் தந்தவர் ஆங்கில வரலாற்றாசிரியர் கோல்ட்வின் ஸ்மித். அவர் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கல்லிருக்கையில் அந்த வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஸ்மித் யூதர்களைப் பற்றி வெறுப்போடு எழுதியவர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதை எதிர்த்தவர். அண்மைக் காலத்தில்தான் பேராசிரியர் பதவிப் பெயர்களிலிருந்து அவர் பெயரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. மாணவர்கள் அந்த வாசகத்தை அதைச் சொன்னவரைவிடப் பெரிய பொருளில் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆனாலும், தொலைவிலிருப்பவரோடு சகோதரத்துவம் பேசுவது எளிது, அண்டையில் இருப்பவரோடு அதைக் கடைப்பிடிப்பது கடினம் என்ற பாடம் அந்தக் கல்லிருக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர் கையிலிருந்து அலுவலகத்துக்கு

முதல் உலகப் போருக்குப் பின் பன்னாட்டு மாணவர் நலன் மெல்ல நிறுவனங்களின் பணியாக மாறியது. 1919இல் நியூயார்க்கில் பன்னாட்டுக் கல்விக் கழகம் தொடங்கியது. ஹாரி எட்மண்ட்ஸின் முயற்சிக்கு இளைய ராக்ஃபெல்லர் நிதியளிக்க, 1924இல் நியூயார்க்கிலும் 1930இல் பெர்க்லியிலும் 1932இல் சிகாகோவிலும் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ என்ற மாளிகைகள் எழுந்தன. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை ஏறக்குறைய முழுவதும் அடைத்தபோதும் மாணவருக்குத் தனி வழி விட்டது. படிக்கலாம், பிறகு திரும்ப வேண்டும் என்பது அதன் விதி. இவ்வாறு பன்னாட்டு மாணவர் விருந்தினர் என்பது சட்டத்தின் வரையறையாகவே ஆனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘ஃபுல்பிரைட்’ கல்விப் பரிமாற்றத் திட்டம் 1946இல் வந்தது. வளாகங்களில் அயல்நாட்டு மாணவர் ஆலோசகர் என்ற பதவி பரவியது. விசா, வங்கிக் கணக்கு, உறைவிடம் என்று கிளப் தன்னார்வமாகச் செய்த உதவிகளை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. நாடுவாரியாகச் சங்கங்கள் பெருகின. பிரையன்ட் அவென்யூ இல்லம் காலப்போக்கில் வேறு பயன்பாட்டுக்குப் போனது. உதவிகள் ஒழுங்குபட்டன என்பது உண்மை. அதற்கு ஈடாக, எல்லா நாட்டு இளைஞரும் தாங்களே நடத்திய ஒரு விவாதக் களம் மறைந்தது.

குடிமக்களாகப் பிறந்த அயலார்

லத்தீனோ மாணவர் அமைப்புகளின் வேர் கல்வித் துறைக்கு வெளியே, இரண்டு போர்களில் இருக்கிறது. 1848இல் மெக்சிகோவைத் தோற்கடித்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஒப்பந்தத்தால் அமெரிக்கக் குடிமக்களானார்கள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றிய புவேர்ட்டோ ரிக்கோவின் மக்களுக்கு 1917இல் குடியுரிமை வந்தது. இவர்களின் பிள்ளைகள் கடல் கடந்து படிக்க வந்த பியூனஸ் ஐரிஸ் செல்வர்களின் பிள்ளைகளைப் போன்றவர்கள் அல்லர். பழத்தோட்டக் கூலிகளின், நியூயார்க் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள். ஸ்பானிய மொழி இருவருக்கும் பொதுவாக இருந்தும் வர்க்கமும் சட்டநிலையும் அவர்களைப் பிரித்தன. கார்னெல் போன்ற இடங்களில் 1960கள் வரை இந்தப் பிள்ளைகள் அரிதாகவே தென்பட்டார்கள்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினார்கள். 1969 ஏப்ரலில் சான்டா பார்பராவில் கூடிய சிகானோ (மெக்சிக்க அமெரிக்க) மாணவர்கள், சிதறிக்கிடந்த அமைப்புகளை ‘மெச்சா’ என்ற ஒரே பெயரில் இணைத்து, சிகானோ ஆய்வுத் துறைகள் வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். அதே மாதம் நியூயார்க் சிட்டி காலேஜில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றினார்கள். அதன் விளைவாக 1970இல் அந்நகரப் பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக் கதவை அகலத் திறந்தது.

கார்னெலில் ஜேம்ஸ் பெர்கின்ஸ் தலைவராக இருந்தபோது கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதற்காக ‘கோசெப்’ என்ற குழு அமைந்தது. 1969 ஏப்ரலில் வில்லார்ட் ஸ்ட்ரெய்ட் மண்டபத்தைக் கறுப்பின மாணவர்கள் கைப்பற்றிய போராட்டம் நாட்டையே உலுக்கி, ஆப்பிரிக்கானா ஆய்வு மையத்துக்கு வழிவகுத்தது. அந்தக் கதவு வழியாகவே புவேர்ட்டோ ரிக்க, மெக்சிக்க அமெரிக்க மாணவர்களும் வந்தார்கள். கார்னெலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தனியார் பல்கலைக்கழகமாக இருந்தும் வேளாண்மை, தொழிலுறவு உள்ளிட்ட சில கல்லூரிகள் நியூயார்க் மாநில நிதியுதவியோடு நடப்பவை. மாநில மாணவர்களுக்கு அங்கே கட்டணம் குறைவு. பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடும் மாநிலத்தின் கல்வி வாய்ப்புத் திட்டங்களும் ஏணியாயின.

1982 பிப்ரவரி 19 அன்று கார்னெலில் ‘லாம்டா அப்சிலான் லாம்டா’ என்ற லத்தீனோ சகோதரச் சங்கம் பிறந்தது. ‘லா உனிதாத் லத்தீனா’ அதன் மறுபெயர். 1988இல் பெண்களுக்காக ‘லாம்டா பை கை’ அங்கேயே தோன்றியது. 1890இன் சங்கத்தோடு இவற்றை ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும். முன்னவர்களின் கண் தாய்நாட்டின் மீது இருந்தது. பின்னவர்களின் கண் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீதே இருந்தது: எங்களில் எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள், எங்கள் வரலாற்றை இங்கே யார் கற்பிக்கிறார்கள்? 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சி இது. ரத்த உறவு லத்தீன் அமெரிக்கச் சங்கங்களோடு இருந்தாலும் கருத்துறவு கறுப்பின மாணவர் சங்கத்தோடுதான். 1987இல் ஸ்பானிய அமெரிக்க ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது லத்தீனோ ஆய்வுத் திட்டமானது.

1993: நான்கு நாட்கள்

1993 இலையுதிர் காலத்தில் ஹெர்பர்ட் ஜான்சன் கலைக்கூடம் லத்தீனோ கலைஞர்களின் படைப்புகளை வளாகமெங்கும் நிறுவியது. லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர் டேனியல் ஜோசப் மார்ட்டினெஸ், கலைத்துறைக் கட்டிடங்கள் சூழ்ந்த முற்றத்தின் நடைபாதைகளை ஒட்டித் தார் பூசிய உயரமான கருஞ்சுவர்களை எழுப்பினார். வழக்கமாக நடக்கும் பாதையை மறித்து, நடப்பவரை நெருக்கி, இந்த இடம் யாருக்குரியது என்று கேட்பது அந்தப் படைப்பின் நோக்கம். சில நாட்களில் அந்தச் சுவர்களில் இனவெறி வாசகங்கள் முளைத்தன. படைப்பைச் சிதைக்கவும் செய்தார்கள்.

நவம்பர் 19 அன்று கண்டனக் கூட்டம் நடத்திய லத்தீனோ மாணவர்கள், நிர்வாகக் கட்டிடமான டே ஹாலுக்குள் சென்று நான்கு நாட்கள் வெளியேறாமல் அமர்ந்தார்கள். சிதைக்கப்பட்ட கலைப்படைப்புக்கு வருத்தம் தெரிவித்தால் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. லத்தீனோ பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வேண்டும், லத்தீனோ மாணவர்கள் கூடி வாழ இல்லம் வேண்டும் என்று கேட்டார்கள். அப்போதைய தலைவர் ஃபிராங்க் ரோட்ஸின் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1994இல் லத்தீனோ வாழ்விட மையம் திறக்கப்பட்டது. இயற்கையியல் கல்வியின் முன்னோடியான பேராசிரியர் ஆனா காம்ஸ்டாக் பெயர் தாங்கிய கட்டிடத்தில் அது இன்றும் இயங்குகிறது.

இந்தக் கோரிக்கைகள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. இல்லம் மட்டும் கிடைத்தால் ஓரமாக ஒதுங்கி வாழலாம், பாடத்திட்டம் மாறாது. பாடம் மட்டும் வந்தால் அதைக் கற்பிக்கும் நிலையான ஆசிரியர் இன்றி இரண்டாண்டில் மறையும். ஆசிரியரை அமர்த்த நிதி ஒதுக்க வேண்டும். காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு இல்லம் இருந்தது. பாடத்திட்டத்திலும் நிதியறிக்கையிலும் அதற்கு இடமில்லை. சொந்த இல்லம் கைவிட்டுப் போனதோடு அதன் செல்வாக்கும் போனது. 1993இன் மாணவர்கள் கேட்டவை பல்கலைக்கழகத்தின் உடலுக்குள்ளேயே சென்று சேர்ந்தன. அவர்கள் பட்டம் பெற்றுச் சென்ற பிறகும் அவை நிலைத்தன.

தனி இல்லம் தகுமா?

இதற்கு எதிர்ப்பும் வந்தது. கறுப்பின மாணவர்களுக்காக 1972இல் தொடங்கிய உஜாமா இல்லம், அமெரிக்கப் பழங்குடி மாணவர்களுக்காக 1991இல் திறந்த அக்வேகோன், லத்தீனோ மையம் மூன்றும் இனப் பிரிவினையை மீண்டும் கொண்டுவருகின்றன என்று 1990களின் நடுவில் குடிமை உரிமை ஆர்வலர்கள் சிலரே குற்றம்சாட்டினார்கள். புறந்தள்ளத்தக்க வாதமன்று இது. சேர்ந்து வாழ்ந்தால்தானே ஒருவரையொருவர் அறிய முடியும்?

ஆனால் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. 1911இன் மனு கேட்டது போன்ற பிரிவினை, ஒருவரை வெளியே தள்ளுவது. இந்த இல்லங்களின் கதவு எந்த இன மாணவருக்கும் திறந்திருக்கிறது. அங்கே தங்கும்படி எவரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பகலெல்லாம் தன்னை விளக்கிக்கொண்டே இருக்க நேரும் சிறுபான்மை மாணவருக்கு, விளக்கம் தேவைப்படாத ஓர் இடம் மாலையில் இருந்தால், மறுநாள் பொது மன்றத்தில் நிமிர்ந்து பேச அவரால் முடியும். பிரேசில் மாணவர்களின் இதழும் ஹூ ஷியின் நண்பர் வட்டமும் தந்த பலம் இத்தகையதே. தம்மவரோடு கூடியதால் அவர்கள் உலகத்துக்கு அயலாகிவிடவில்லை.

இரண்டு வரலாறுகளும் சந்திக்கும் இடம்

குழந்தையாகப் பெற்றோரோடு அமெரிக்கா வந்து, ஆவணமின்றி அங்கேயே வளர்ந்த மாணவர் எந்தப் பட்டியலில் சேருவார்? பள்ளி, நண்பர், மொழி எல்லாம் அமெரிக்கா. சட்டத்தின் பார்வையில் அயலார். பல பல்கலைக்கழகங்கள் நிதியுதவிக்கு இவர்களை நெடுங்காலம் பன்னாட்டு மாணவரோடு சேர்த்தே எண்ணின. பள்ளிக் கல்வியை இவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கு அது பொருந்தவில்லை. 2012 ஜூனில் அதிபர் ஒபாமா அறிவித்த ‘டாக்கா’ ஏற்பாடு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே தந்தது. விருந்தினர், வீட்டார் என்ற பகுப்புக்குள் அடங்காத இவர்களுக்காக வாதாடுவதில் லத்தீனோ சங்கங்கள் முன்னின்றன.

இது தமிழ்க் குடும்பங்களையும் தொடும் வரலாறு. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த பன்னாட்டு மாணவர்களில் இந்தியரே அதிகம். எண்ணிக்கை 3,31,000க்கும் மேல். சென்னையிலிருந்து விசாவோடு செல்லும் முதுகலை மாணவரும் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணும் ஒரே வளாகத்தில் பொங்கல் விழாவில் சந்திக்கிறார்கள். முன்னவருக்கு விசா விதியும் வேலை அனுமதியும் கவலை. பின்னவருக்குத் தன் குடும்ப வரலாறு பாடத்தில் இல்லையே என்பது கவலை. இருவரையும் ஒரே சங்கத்தின் விழா மேடை மகிழ்விக்கலாம். இருவரின் தேவையையும் அது தீர்க்காது. 2025இல் பன்னாட்டு மாணவர் பலரின் விசா நிலை திடீரென நீக்கப்பட்டபோது, விருந்தினரின் உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை எல்லோரும் கண்டார்கள். அத்தகைய நாளில் விருந்தினருக்காக அச்சமின்றிப் பேசக் குடிமகனால் முடியும். வீட்டாருக்கு விருந்தினர் தருவதும் உண்டு: தம் நாட்டு எல்லைக்கு அப்பால் உலகம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு.

கார்னெலின் வரலாற்றில் இந்த இருவரும் பெரும்பாலும் தனித்தனியே நின்றார்கள். 1904இன் கிளப் உலகத்தைப் பேசியது. தன் வளாகத்தின் நிறக்கோட்டை அது அழிக்கவில்லை. 1993இன் மாணவர்கள் வளாகத்தை மாற்றினார்கள். ஆவணமற்றோரின் சிக்கல் பின்னர் முன்னுக்கு வந்தபோதுதான் எல்லை கடந்த கேள்விகளோடு அவர்களின் வாரிசுகள் நேருக்கு நேர் நின்றார்கள். பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இந்தச் சங்கங்களை விழா நாட்களில் மட்டும் நினைக்காமல், அவற்றின் கூட்டக் குறிப்புகளையும் இதழ்களையும் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். உறைவிடம், பாடத்திட்டம், நிதி பற்றிய முடிவுகளில் அவற்றுக்கு நிலையான இடம் தர வேண்டும். மாணவர்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தங்கள் சங்கத்தின் முந்தைய தலைமுறை எதைக் கேட்டது, எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைப் படித்துவிட்டு அடுத்த கோரிக்கையை எழுத வேண்டும். ஏனெனில் அவர்களுக்கு முன் அங்கே படித்தவர்கள் கேட்டுப் பெற்ற வீட்டில்தான் அவர்கள் இன்று குடியிருக்கிறார்கள்.